சந்தை வழி

திருச்சிராப்பள்ளியினின்றும் திண்டுக்கல் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது அய்யலூர். ஆங்கு வியாழக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும். மாணவர்களே, அதற்கு வருவோரைச் சற்று நோக்குங்கள். பல ஆடுகள் உடையவர் வண்டி அமர்த்துவர். கூலி பலவற்றின்மேல் பங்காகிவிடும். ஓர் ஆடே உடைய மூதாட்டி என் செய்வாள்? வண்டியில் ஏற்றினால் வரும் பணத்தைக் கூலி தின்னும். விரைந்து நடத்தினாலோ ஆடு இளைத்து விலை குறையும். ஆதலின் முன்னாள் மாலையே வெயில் தாழப் புறப்பட்டு, மேயவிட்டு மேயவிட்டு மெல்ல வருவாள்.

தைப்பூசக் காலத்தில் அதே சாலையில் பழனிக்கு நடக்கும் அடியார்களோ, கையில் காசிருந்தும் பேருந்தில் ஏறார். இளமையில் யான், நடப்போர் யாவரும் வறியர் என்றே எண்ணியிருந்தேன். அவ்வடியாருள் ஒருவரிடம் இரக்கத்தோடு நாலணா நீட்டினேன். அவர் நகைத்து, தம் மடியிலிருந்த பொரிகடலையை என் கை நிறைய அள்ளி வைத்துவிட்டு நடந்தார்.