மருந்தும் குரங்கும் மனசுக்குள் ஒரு குரலும்

காலை ஆறே முக்கால். ஓர் அடுப்பில் பால், இன்னோர் அடுப்பில் குக்கர். நடுவில் போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து தரைக்கு வந்துவிட்டது. துணியோடு குனிந்தபோது உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது. "ஒரு பாலைக்கூடப் பார்த்துக்கத் துப்பில்லை." துடைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. "எதைத்தான் நீ உருப்படியாச் செஞ்சிருக்கே?" துணியை அலசிக் காயப்போடும்போது, பத்து வருடத்துக்கு முன் கை நழுவிப்போன வேலை, போன மாதம் மறந்துபோன ஒரு பிறந்தநாள் என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வந்திருந்தன. வழிந்தது அரை லிட்டர் பால். அதற்கு விசாரணை நடந்ததோ மொத்த வாழ்க்கைக்கும்.

இந்தக் குரல் குடியிருக்காத வீடு அபூர்வம். அதை அடக்க நமக்கு ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அவற்றில் பாதி அந்தக் குரலுக்கே தீனி போடுபவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: தனக்குத் தானே பேசிக்கொள்வது மனக்கோளாறின் அறிகுறி.

உண்மை: சொப்பு வைத்து விளையாடும் குழந்தையைக் கவனியுங்கள். "இப்ப சோறு வடிக்கணும், இப்ப பாப்பாக்கு ஊட்டணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும். வெளியே கேட்கும் இந்தப் பேச்சுதான் வளர வளர உள்ளே போய், சிந்திப்பதற்கான கருவியாகிறது என்று விளக்கியவர் ரஷ்ய உளவியலாளர் லேவ் வைகாட்ஸ்கி. அவருடைய 'சிந்தனையும் மொழியும்' 1934-இல் வெளிவந்தது. மளிகைச் சாமான்களை மனசுக்குள் ஒப்பிப்பதும், நாளைய நேர்காணலுக்குப் பதில் தயாரிப்பதும் இந்தப் பேச்சால்தான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது வேறொருவர் பேசுவதாகக் காதில் விழுந்தால் அது தனி விஷயம்; அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 2: அந்தக் குரல் சொல்வது கசப்பாக இருந்தாலும் உண்மை. என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

உண்மை: அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருந்த ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகள் வாயால் ஒன்றைச் சொல்லும்போதே, அடியில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. 'நான் லாயக்கில்லாதவன்', 'இனி எதுவும் மாறாது' என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்கள். கூப்பிடாமல் வந்தன, வந்த வேகத்தில் நம்பப்பட்டன. இவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார் பெக். 2021-இல் தன் 100-ஆவது வயதில் அவர் மறையும்போது, இந்த எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் அவருடைய அறிவாற்றல் சிகிச்சை முறை உலகெங்கும் பரவியிருந்தது.

இந்த எண்ணங்களில் திரும்பத் திரும்ப ஒரே வகைத் தப்புகள் வருவதையும் பெக் கண்டார். நம் பழமொழியை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரு நாள் பொங்கிய பாலை வைத்து மொத்த வாழ்க்கைக்கும் பதம் பார்த்தால், அது முதல் தப்பு. அலுவலகத்தில் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை; 'என்மேல் ஏதோ கோபம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம். அடுத்தவர் மனசைப் படித்துவிட்டதாக நினைப்பது இரண்டாவது தப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைப் போல, சின்ன அறிகுறியிலேயே பேரழிவைப் பார்ப்பது மூன்றாவது.

ஒன்று செய்து பாருங்கள். குரல் சொன்னதை வார்த்தை மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் 'எப்பவும்', 'எதுவுமே', 'யாருமே', 'கூட' ஆகியவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். "பால் பொங்கிவிட்டது" என்பது செய்தி. "ஒரு பாலைக்கூட" என்றதும் அது வசையாகிவிடுகிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தால், குற்றப்பத்திரிகை பெரும்பாலும் ஒரு வரிக்குச் சுருங்கிவிடும்.

நம்பிக்கை 3: கெட்ட நினைப்பு வந்தால் உடனே விரட்டிவிட வேண்டும்.

உண்மை: குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நமக்குத் தெரியும். அதுவரை குரங்கைப் பற்றிக் கனவிலும் நினைக்காத ஆசாமி, அப்புறம் ஒரு வேளையும் மருந்து குடித்தபாடில்லை.

நம் ஊர்க் குரங்கின் இடத்தில் வெள்ளைக் கரடியை வைத்து, 1987-இல் இதைச் சோதனைச்சாலையிலேயே செய்து பார்த்தார் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர். மாணவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, மனசில் ஓடுவதையெல்லாம் 5 நிமிடம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்று விட்டபோதுதான் வேடிக்கை. முதலில் அடக்கிவைத்தவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிடக் கரடி அதிகம் வந்தது.

காரணத்தை வெக்னரே பின்னால் விளக்கினார். ஒன்றை நினைக்கக் கூடாது என்றால், அது வந்துவிட்டதா என்று மனசின் ஒரு மூலை காவல் காக்க வேண்டும். காவல் காக்க அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு 'இதை நினைக்காதே, தூங்கு' என்று நம்மையே அதட்டும்போது நடப்பதும் இதுதான். விரட்டுவதற்குப் பதிலாக, "சரி, அந்தப் பழைய நினைப்பு வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்திருங்கள். வாசலில் வந்து நின்றவருக்கு நாற்காலி போடவும் வேண்டாம், கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம்.

நம்பிக்கை 4: தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று சொன்னால் போதும்.

உண்மை: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த வைத்தியம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் இது கைகொடுக்காமல் போகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் இதைச் சோதித்தார்கள். 'நான் அன்புக்குரிய மனிதர்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே சுயமதிப்பு உள்ளவர்கள் கொஞ்சம் தெம்பானார்கள். சுயமதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள்.

தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நம்பும் ஆள் 'நான் வெற்றியாளன்' என்றதும், உள்ளிருக்கும் குரல் 'அப்படியா?' என்று கேட்டு எதிர்ச்சாட்சிகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறது. நம்பக்கூடிய வாக்கியமே வேலை செய்யும். "இந்த மாசம் ரெண்டு தடவை சொதப்பினேன், மூணு வேலையை ஒழுங்கா முடிச்சேன்" என்பதில் பளபளப்பு இல்லை. ஆனால் அதை மறுத்துப் பேச அந்தக் குரலால் முடியாது.

நம்பிக்கை 5: அடியாத மாடு படியாது. தன்னைத் திட்டிக்கொண்டால்தான் முன்னேற முடியும்.

உண்மை: நம்மில் பலரும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கியே வளர்ந்ததால், திட்டு நின்றால் சோம்பேறியாகிவிடுவோம் என்று பயப்படுகிறோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சேதி சொல்கிறது. மாணவர்களுக்குக் கடினமான சொற்பொருள் தேர்வு ஒன்று வைத்தார்கள். சிலரிடம் மட்டும், 'இதில் தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள்' என்றார்கள். இன்னொரு குழுவிடம், 'இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததென்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான்' என்று தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த தேர்வுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டபோது, கடிந்துகொள்ளாதே என்று கேட்டவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள்.

தன்மேல் பரிவு என்பது தப்பை மூடி மறைப்பது அல்ல. பால் பொங்கியது என் கவனக்குறைவால்தான். நாளைக்கு அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனை எடுப்பேன். பாடம் இவ்வளவுதான். திட்டிக்கொண்டே இருக்கும் மனசுக்கு, அடுப்பைக் குறைக்கலாம் என்ற யோசனை வர இடமே இருப்பதில்லை.

நம்பிக்கை 6: எப்படிச் சொல்லிக்கொண்டாலும் ஒன்றுதான். வார்த்தையில் என்ன இருக்கிறது?

உண்மை: நிறைய இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நடுவர்கள் முன் பேச வேண்டிய பதற்றத்தில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் தங்களுக்குள் 'நான் ஏன் பயப்படுகிறேன்?' என்று யோசித்தார்கள். மறு சாரார் தங்கள் பெயரைச் சொல்லி, 'இவன் ஏன் பயப்படுகிறான்?' என்று வெளி ஆள் போல யோசித்தார்கள். பெயர் சொல்லிப் பேசியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, பேச்சும் நன்றாக அமைந்தது. பெயரைச் சொன்னதும் நாம் ஓர் எட்டுத் தள்ளி நின்று, அடுத்தவர் பிரச்சினையைப் பார்ப்பதுபோலப் பார்க்க முடிகிறது.

தமிழுக்கு இது புதிதில்லை. மனசை எதிரே நிறுத்திப் பேசுவதற்கென்றே திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: 125-ஆவது அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130-ஆவது நெஞ்சொடு புலத்தல். இரண்டும் காமத்துப்பாலில் வருபவை. பிரிவில் தவிக்கும் தலைவி தன் நெஞ்சைத் தோழி போலக் கூப்பிட்டு யோசனை கேட்கிறாள், உரிமையோடு சண்டையும் போடுகிறாள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் உட்குரல் ஏற்கெனவே 'ஏண்டா', 'ஏண்டி' என்று முன்னிலையில்தான் திட்டுகிறது. ஆகவே பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, தொனியும் மாற வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பாலைப் பொங்கவிட்டால், "விடுங்கக்கா, துணி எங்க இருக்கு?" என்றுதானே கேட்போம்? அந்தத் தொனி.

நம்பிக்கை 7: மன அமைதி என்றால் எண்ணமே இல்லாத நிலை. எனக்குத் தியானம் வராது.

உண்மை: ஹார்வர்டின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஐபோன் செயலி மூலம் 2,250 பேரை நாளின் வெவ்வேறு நேரங்களில் விசாரித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் அவர்கள் மனசு செய்கிற வேலையில் இல்லை. மனசின் சுபாவமே அலைவதுதான். பௌத்தத் தியான மரபை 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நோயாளிகளுக்கான பயிற்சியாக்கிய ஜோன் கபாட்-ஜின்னும் எண்ணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மூச்சைக் கவனி, மனசு ஓடிவிட்டதென்று தெரிந்ததும் திட்டாமல் கூட்டி வா. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை ஓடினால், நாற்பது தடவை கூட்டி வர வேண்டியதுதான். அந்தக் கூட்டி வருதலே பயிற்சி. அதில் தோல்வி என்று ஒன்றுமில்லை.

நம்பிக்கை 8: எல்லாம் மனசுதான். தைரியமாக இருந்தால் சரியாகிவிடும், டாக்டர் எதற்கு?

உண்மை: இரண்டு வாரமாக, அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மேலே சொன்ன பயிற்சிகள் மட்டும் போதாது. 'இருந்து என்ன பயன்' என்று குரல் சொல்ல ஆரம்பித்துவிட்டால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழந்தையின் வெளிப்பேச்சு பின்னால் உட்பேச்சாகிறது என்றால், நாம் அதன் காதில் போடுகிற சொற்களும் கூடவே உள்ளே போகும். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது பாலைப் பொங்கவிட்டால் துணியை எடுத்துக் கொடுங்கள். 'ஒரு பாலைக்கூட' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.