இடிதாங்கியும் தொலைபேசிக் கம்பியும்

மின்னல் என்பது மின்சாரமே என்னும் உண்மையை ஆராய்ந்தவருள் தலையாயவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1752ஆம் ஆண்டில் பட்டம் விட்டு அவர் செய்த ஆய்வினைப் பலரும் அறிவர். அவர் கண்ட கருவியை நாம் இடிதாங்கி என்கிறோம். பெயர் அவ்வாறிருப்பினும் அது இடியைத் தாங்குவதில்லை. மின்னலின் மின்சாரத்தை நிலத்துள் செலுத்தும் வழியாகவே அமைகிறது. இவ்வுண்மையை உணர்ந்தால்தான், இடிதாங்கி நிறுவிய வளாகங்களிலும் தொலைபேசிக் கருவிகள் கருகிப்போவது ஏன் என்பது விளங்கும்.

அலுவலகம் ஒரு கட்டடத்திலும் மாணவர் விடுதி மற்றொரு கட்டடத்திலும் அமைந்த கல்லூரி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இரண்டையும் இணைக்கும் செப்புத் தொலைபேசிக் கம்பியில் இயல்பாக இருப்பது ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தமே. அலுவலக இடிதாங்கியின் மீது 30,000 ஆம்பியர் மின்னல் இறங்குவதாகவும், அதன் எர்த் இணைப்பின் மின்தடை 5 ஓம் எனவும் கொள்வோம். ஓம் விதிப்படி இவ்விரண்டையும் பெருக்கக் கிடைப்பது 1,50,000 வோல்ட். அக்கணத்தில் அலுவலகத்தின் எர்த் இத்துணை உயர, விடுதியின் எர்த் பழைய நிலையிலேயே நிற்கிறது. இவ்வேறுபாட்டால் செப்புக் கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து இருமுனைக் கருவிகளையும் அழிக்கிறது. அவ்வேளையில் விடுதியில் கம்பித் தொலைபேசியைக் காதில் வைத்திருக்கும் மாணவரின் உயிருக்கும் ஊறு நேரக்கூடும். கம்பியை மண்ணில் புதைத்தாலும் இவ்விடர் நீங்குவதில்லை.

இனி, காக்கும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, கம்பி கட்டடத்துள் நுழையும் இடத்தில், இருமுனையிலும் காப்புக் கருவி பொருத்துதல் வேண்டும். ஒருமுனையில் மட்டும் பொருத்துவது பாதிக் காவலே. இக்கருவியினுள் வாயு நிரப்பிய சிறு குழாய் உள்ளது. இயல்பான நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. 230 வோல்ட் போன்றதொரு வரம்பினை மின்னழுத்தம் கடந்ததும், அது கடத்தியாக மாறி மிகை மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும்.

இரண்டாவது, காப்புக் கருவியின் எர்த் கம்பி குட்டையாகவும் வளைவின்றியும் இருத்தல் வேண்டும். அக்கட்டடத்தின் மின்இணைப்புக்குரிய எர்த்தோடு அதனை இணைத்தலும் இன்றியமையாதது. தொலைபேசிக்கென வேறொரு கம்பியைத் தனியே மண்ணில் அடித்து விட்டுவிட்டால், ஒரே கட்டடத்துள் இருவேறு எர்த் தோன்றி, அவற்றிடையே கருவி சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கட்டடங்களுக்கிடையே செப்புக்கு மாற்றாக ஒளியிழை வடம் பயன்படுத்தலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயின், வடத்தினுள் இரும்புக் கம்பியோ உலோக உறையோ இருப்பின் இப்பயன் குறையும். உலோகமற்ற வடத்தையே தேர்தல் நன்று.

காப்புக் கருவியும் அடிபட்டு அடிபட்டுத் தேய்வது. மழைக்காலத்துக்கு முன் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் அதனையும் எர்த் இணைப்பையும் சோதித்தல் நிர்வாகத்தின் கடன். எந்தக் காப்பும் முழுக்காப்பு அன்று. ஆதலின், இடி முழங்கும் வேளையில் கம்பித் தொலைபேசியைத் தொடாதிருத்தலை மாணவர் வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.