கடற்கரை நகரில் மலிவு யாருக்கு?

பின்வரும் கட்டுரையை வாசித்துப் பொருளுணர்க.

தாய்லாந்தின் தலைநகர் பேங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் ஹுவா ஹின் என்னும் கடற்கரை நகரம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் மீனவச் சிற்றூராக இருந்த அவ்விடத்தை 1911ஆம் ஆண்டில் இரயில் பாதை எட்டியது. அதன்பின் அரச குடும்பத்தினரும் செல்வர்களும் ஓய்வெடுக்க அங்கு வரத் தொடங்கினர். 1920களின் இறுதியில் ஏழாம் ராமா மன்னர் அங்கு ஓர் அரண்மனையைக் கட்டி அதற்குக் ‘கிலாய் காங்வொன்’ எனப் பெயரிட்டார். ‘கவலைக்குத் தொலைவில்’ என்பது அதன் பொருள். எனினும், 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முழு முடியாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த புரட்சியின் செய்தி, மன்னர் அந்த அரண்மனையில் தங்கியிருந்தபோதுதான் அவரை வந்தடைந்தது.

இன்று ஹுவா ஹின் நகரில் பணி ஓய்வு பெற்ற அயல்நாட்டவர் பலர் வாழ்கின்றனர். அவர்களில் ஐரோப்பியர் மிகுதி. இதமான கடற்காற்று, நல்ல மருத்துவமனைகள், பேங்காக்கின் அண்மை ஆகியவை அவர்களை ஈர்க்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, “அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு” என்னும் எண்ணமே அவர்களை அழைத்து வருகிறது. இவ்வெண்ணம் எந்த அளவுக்கு உண்மை? இக்கரைக்கு அக்கரை பச்சையா? சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அன்றாடச் செலவு

சாலையோரக் கடையில் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் 60 பாட் அளவில் கிடைக்கும். சந்தையில் காய்கறிகளும் பழங்களும் மீனும் மலிவு. உள்ளூர் மக்கள் உண்பதை உண்டு, அவர்கள் வாங்கும் இடத்தில் வாங்கி வாழ்பவருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு சுமையாக இராது. ஆனால், காலையில் பாலாடைக்கட்டி, மாலையில் இறக்குமதி செய்யப்பட்ட இறைச்சி எனத் தாய்நாட்டின் உணவுப் பழக்கத்தை விடாதவருக்கு நிலைமை வேறு. அப்பொருள்கள் கடல் கடந்து, வரி கடந்து கடைக்கு வருகின்றன. அவற்றின் விலை சில வேளைகளில் அவர்தம் சொந்த ஊர் விலையையும் மிஞ்சிவிடும்.

மின்கட்டணமும் இத்தகையதே. குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கச் செலவிட்டவர், இங்கு வீட்டைக் குளிரூட்டச் செலவிடுகிறார். தாய்லாந்தில் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் அமைந்துள்ளது. பயன்பாடு கூடக்கூட, ஓர் அலகுக்கான விலையும் கூடும். எனவே, ஏப்ரல் மாத வெயிலில் இரவும் பகலும் குளிர்சாதனத்தை இயக்குபவரின் கட்டணம் அண்டை வீட்டாரின் கட்டணத்தைப் போல் பல மடங்காகலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் வாடகைக்கே குடியிருக்கின்றனர். பொதுவாக, அயல்நாட்டவர் தாய்லாந்தில் நிலத்தைத் தம் பெயரில் வாங்க முடியாது. அடுக்குமாடி வீட்டை வாங்கலாம்; ஆனால், ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பளவில் 49 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாட்டவரின் உடைமையாக இருக்கக்கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க விரும்பினால், பதிவு செய்யக்கூடிய காலம் 30 ஆண்டுகள். அறுபது வயதில் குத்தகைக்கு எடுத்தவர், அது முடியும்போது தொண்ணூறு வயதை எட்டியிருப்பார்.

தங்குவதற்கான தகுதி

ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்க விரும்புபவர் 50 வயதை அடைந்திருக்க வேண்டும். அத்துடன் பொருளாதாரத் தகுதியையும் மெய்ப்பிக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 800,000 பாட் சேமிப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் என்பது பரவலாக அறியப்பட்ட அளவுகோல். சேமிப்பைக் காட்டுபவர் அத்தொகையை விருப்பம்போல் செலவிட முடியாது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அனுமதியைப் புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்கு முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். ஏனைய காலத்திலும் அது 400,000 பாட்டுக்குக் கீழே குறையக்கூடாது. கையில் இருந்தும் எடுக்க முடியாத பணமும் ஒருவகையில் செலவே.

இந்த அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 90 நாள்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேலும், ஓய்வுக்கால அனுமதியில் தங்கியிருப்பவர் வேலை செய்யக்கூடாது. பணம் பற்றாக்குறையானால் பகுதி நேர வேலை செய்து ஈடுகட்டலாம் என்னும் வழி அவர்களுக்கு இல்லை.

நாணய மாற்று விகிதம்

அயல்நாட்டவரின் செலவு பாட்டில். வரவு பவுண்டிலோ யூரோவிலோ. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது நாணய மாற்று விகிதம். பிரிட்டனிலிருந்து மாதம் 1,000 பவுண்டு ஓய்வூதியம் பெறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2006ஆம் ஆண்டளவில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70 பாட் கிடைத்தது. அப்போது அவருடைய வருமானம் 70,000 பாட். மாதம் 65,000 பாட் என்னும் தகுதியை அவர் எளிதில் அடைந்திருப்பார். 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பவுண்டின் மதிப்பு 40 பாட்டுக்கும் கீழே இறங்கியது. அதே 1,000 பவுண்டு அப்போது 40,000 பாட்டுக்கும் குறைவாகிவிட்டது. அவர் ஒரு காசும் வீணாக்கவில்லை. ஹுவா ஹின் சந்தையில் விலைகள் ஏறாமலே இருந்தாலும்கூட, அவருடைய வருமானத்தில் பாதிக்கு அருகில் கரைந்துவிட்டது. தகுதியும் கைநழுவிப் போனது.

பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பிரிட்டனில் வாழ்பவரின் அரசாங்க ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுகிறது. தாய்லாந்தில் குடியேறியவருக்கு அவ்வுயர்வு வழங்கப்படுவதில்லை. குடியேறிய பின் முதன்முதலில் பெற்ற தொகையே இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் தொடரும். விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மருத்துவச் செலவு

முதுமையில் தவிர்க்க முடியாத செலவு மருத்துவம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தாய்லாந்து தன் குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவப் பாதுகாப்பை உறுதிசெய்தது. ‘30 பாட் திட்டம்’ எனப் புகழ்பெற்ற இத்திட்டம் பிற நாடுகளும் வியந்து நோக்கும் ஒன்று. ஆனால், ஓய்வெடுக்க வந்த அயல்நாட்டவர் அதில் அடங்கமாட்டார். அவர் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும். அல்லது சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.

காப்புறுதிக் கட்டணம் வயதோடு சேர்ந்து உயர்கிறது. ஏற்கெனவே நோயுள்ளவருக்கும் முதியவருக்கும் புதிதாகக் காப்புறுதி கிடைப்பது கடினம். ஐம்பது வயதில் உடல்நலத்தோடு வந்தவர், “இப்போதைக்குத் தேவையில்லை” என்று தள்ளிப்போடுகிறார். எழுபது வயதில் தேவைப்படும்போது, அது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. ஒரே ஓர் இதய அறுவை சிகிச்சை பல்லாண்டுச் சேமிப்பைத் துடைத்துவிடும். அந்நிலையில், விட்டுவந்த ஊரில் வீடும் இல்லாமல், வந்த ஊரில் வழியும் இல்லாமல் தவிப்பவரின் துயரத்தை எந்த ‘மலிவு’க் கணக்கும் காட்டுவதில்லை.

உள்ளூர் மக்களின் பார்வையில்

மலிவு என்னும் சொல்லை மறுபக்கத்திலிருந்தும் நோக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தின் குறைந்தபட்ச நாள் ஊதியம் இடத்திற்கு ஏற்ப 337 பாட் முதல் 400 பாட் வரை இருந்தது. மிக உயர்ந்த 400 பாட்டையே எடுத்துக்கொள்வோம். மாதத்திற்கு 26 நாள்கள் உழைத்தால் கிடைப்பது 10,400 பாட். ஓய்வெடுக்க வருபவரிடம் எதிர்பார்க்கப்படும் 65,000 பாட் அதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம்.

அந்த வேறுபாடே மலிவின் ஊற்று. விடுதியறையைத் துடைப்பவர், துணி வெளுப்பவர், சோறு சமைப்பவர் ஆகியோரின் ஊதியம் குறைவாக இருப்பதால்தான் அச்சேவைகளின் விலையும் குறைவாக இருக்கிறது. அயல்நாட்டவரின் வருகையால் அவர்களுக்கு வேலை கிடைக்கிறது, கடைகள் பெருகுகின்றன. இது மறுக்க முடியாத நன்மை. அதே வேளையில், கடற்கரையை ஒட்டிய நிலத்துக்குப் பணம் படைத்தோர் போட்டியிடும்போது, உழைப்பவர் குடியிருக்க வேலையிடத்திலிருந்து விலகிச் செல்ல நேர்கிறது. 60 பாட் சோறு அயல்நாட்டவருக்கு மலிவு. நாளொன்றுக்கு 400 பாட் ஈட்டுபவருக்கோ அது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான உழைப்பு.

முடிவு

ஆகவே, ஓர் ஊர் மலிவானது என்று பொதுவாகச் சொல்வது பொருத்தமன்று. பணம் எங்கே ஈட்டப்படுகிறது, எங்கே செலவிடப்படுகிறது, அவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பவற்றைப் பொறுத்தே மலிவு அமைகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஹுவா ஹின் செல்லத் திட்டமிடுபவர் அளக்க வேண்டியது முதல் மாதச் செலவை அன்று. இருபதாம் ஆண்டின் செலவை.

சொற்பொருள்

அயல்நாட்டவர் – வேறு நாட்டைச் சேர்ந்தவர்
குத்தகை – குறிப்பிட்ட காலத்துக்குப் பணம் செலுத்திப் பயன்படுத்தும் உரிமை
படிநிலை – படிப்படியாக உயரும் ஒழுங்கு
கட்டுப்படியாதல் – செலவைத் தாங்கக்கூடியதாக இருத்தல்

கருத்துணர் வினாக்கள்

1. ஹுவா ஹின் நகரம் அயல்நாட்டு ஓய்வூதியரை ஈர்ப்பதற்கான காரணங்கள் யாவை?
2. ‘கையில் இருந்தும் எடுக்க முடியாத பணமும் ஒருவகையில் செலவே’ என்று கட்டுரையாளர் கூறுவதன் பொருளை விளக்குக.
3. ஒரு பவுண்டின் மதிப்பு 50 பாட் எனில், மாதம் 65,000 பாட் வருமானத்தைக் காட்ட எத்தனை பவுண்டு தேவை? கணக்கிடுக.
4. அயல்நாட்டவரின் வருகையால் உள்ளூர் மக்கள் அடையும் நன்மை ஒன்றனையும் எதிர்நோக்கும் சிக்கல் ஒன்றனையும் எழுதுக.
5. நம் நாட்டிலும் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தின்கீழ் அயல்நாட்டவர் தங்கியுள்ளனர். பினாங்கு போன்ற கடற்கரை நகரங்களில் இதன் விளைவுகள் எவ்வாறு இருக்கலாம்? குழுவில் கலந்துரையாடிக் கருத்துரைத்திடுக.