பழியும் பதிவும்
(ஆதித்த கரிகாலன் கொலை: கல்வெட்டும் புதினமும்)

நுழையும்முன்

அரசவையில் உயர்நிலையில் இருந்த ஒருவர் அரச குடும்பத்தாரின் கொலைக்குக் காரணமானார் என்னும் பழி, காலந்தோறும் கதைகளுக்குக் கருப்பொருளாகி வந்துள்ளது. தமிழக வரலாற்றில் அத்தகைய நிகழ்வொன்று பத்தாம் நூற்றாண்டில் நடந்தது. அதனைக் கல்லெழுத்து ஒரு வகையாகக் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்த புதினம் வேறொரு வகையாகக் கூறுகிறது. புதினத்தில் ஐயத்தின் நிழல் விழுந்த குடியினர், இன்றைய அரியலூர் மாவட்டத்துப் பழுவூரை ஆண்டவர்கள். சான்று எது, புனைவு எது என்று பிரித்தறியும் பார்வையை இப்பாடம் நமக்குக் கற்பிக்கிறது.

கொல்லப்பட்ட இளவரசன்

சுந்தர சோழன் என்னும் இரண்டாம் பராந்தகனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். குந்தவையும் பின்னாளில் முதலாம் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருண்மொழியும் அவனுடைய உடன்பிறந்தோர். சேவூர்ப் போரில் பாண்டியரை எதிர்த்து வென்ற ஆதித்தன், 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகிறான். தந்தை வாழ்ந்த காலத்திலேயே ஆட்சியில் பங்குபெற்று, அடுத்த அரசன் இவனே என்னும் நிலையில் இருந்தவன் அவன்.

அத்தகைய வீரன் போர்க்களத்தில் மாயவில்லை, சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று கவிதை நயத்தோடு கூறி நகர்கிறது. கொலை என்ற சொல் அங்கு இல்லை. அதனைத் தொடர்ந்து, மக்கள் அருண்மொழியை அரசேற்குமாறு வேண்டினர் என்றும், தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தான் அதனை விரும்பேன் என்று அவன் மறுத்தான் என்றும் அச்செப்பேடு தெரிவிக்கிறது. அவ்வாறே உத்தம சோழன் அரசாண்ட பின்னர், கி.பி. 985இல் இராசராசன் அரியணை ஏறினான்.

கல் பேசிய உண்மை

செப்பேடு மறைத்ததைக் கல் பேசியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிலில் இராசகேசரி என்னும் பட்டம் கொண்ட மன்னனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. அம்மன்னன் இராசராசனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதன்படி கல்வெட்டின் காலம் ஏறத்தாழ கி.பி. 987 ஆகும்.

வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபையாருக்கு அரசன் விடுத்த ஆணை அது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற குற்றத்திற்காகச் சிலரைத் 'துரோகிகள்' என அக்கல்வெட்டு பெயர் சுட்டிக் குறிக்கிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் எனப்பட்ட பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தோர் அவர்கள்.

இப்பெயர்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். பிரமாதிராசன் என்பது உயர் அலுவல் பார்த்த அந்தணர்க்கு அரசு வழங்கிய பட்டம். ஆகவே குற்றம் சாட்டப்பட்டோர் வழிப்போக்கரோ, பகைநாட்டிலிருந்து ஊடுருவிய அயலாரோ அல்லர்; அரசின் நம்பிக்கையைப் பெற்று உயர்ந்தவர்கள். 'இருமுடிச்சோழ' என்னும் அடைமொழி சோழர் சார்பையும், 'பஞ்சவன்' என்னும் அடைமொழி பாண்டியர் சார்பையும் நினைவூட்டுகின்றன. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கிய கொலையோ இது என்னும் ஐயத்திற்கு இப்பட்டப்பெயரும் இடமளித்தது. எனினும், பாண்டியரை வென்ற சோழரும் பாண்டியர் பெயரைத் தம் பட்டங்களில் சேர்த்து வழங்கியதுண்டு. எனவே பெயரை மட்டும் கொண்டு நோக்கத்தை முடிவு செய்தல் இயலாது.

> தெரியுமா?
> முதலாம் பராந்தகனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று வீரநாராயணன். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலமும், இன்று வீராணம் என வழங்கும் வீரநாராயண ஏரியும் அப்பெயரால் அமைந்தவை. 'பொன்னியின் செல்வன்' புதினம், ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் இவ்வேரிக் கரையில் குதிரையேறி வரும் காட்சியோடுதான் தொடங்குகிறது. கொலையாளிகளின் பெயரைத் தாங்கிய கல்வெட்டும் அதே வட்டாரத்தில் இருக்கிறது.

தண்டனையின் எல்லை

கொலைக்கு உரிய தண்டனை குற்றவாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், தாய்மாமன்மார், பெண் கொடுத்தோர், பெண் எடுத்தோர் எனக் கிளைவழி உறவினரின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட வேண்டும் என்பது ஆணை. அவ்வாறு கைக்கொள்ளப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி விலைக்கு வாங்கப்பட்டு, உணவு வழங்கும் அறத்திற்காகக் கோயிலுக்கு அளிக்கப்பட்டது. அக்கொடையைப் பதிவு செய்வதற்காகவே கல்வெட்டு வெட்டப்பட்டது. கொலைச்செய்தி அதற்கு முன்கதையாக அமைந்தது. ஒரு நிலத்தின் உரிமை எவ்வாறு கைமாறியது என்பதை விளக்க வேண்டிய தேவை எழுந்திராவிடில், அரச குடும்பம் சொல்லத் தயங்கிய ஒரு கொலையின் சான்று நமக்குக் கிடைத்தே இராது.

தனிமனிதர் செய்த பிழைக்குக் குடும்பம் முழுவதும் ஈடுகொடுக்க வேண்டும் என்பது அக்கால நீதி. செய்தவரே பொறுப்பு என்பது இக்கால நீதி. உறவினர் பட்டியலை நீளமாகக் கூறும் அக்கல்வெட்டு, குற்றத்தில் தொடர்பே இல்லாத எத்தனையோ பேர் ஒரே ஆணையால் வீடும் நிலமும் இழந்திருப்பர் என்பதையும் உணர்த்துகிறது.

உத்தம சோழன் மீது விழுந்த ஐயம்

கொலை நடந்து ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே இவ்வாணை பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆண்டவன் உத்தம சோழன். அவன் காலத்தில் குற்றவாளிகள் தண்டிக்கப்படாமல் இருந்ததேன் என்னும் வினாவை எழுப்பிய வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, கொலையில் உத்தம சோழனுக்கும் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தார்.

மறுப்புக்கு வலுச்சேர்க்கும் செய்திகள் பல உள்ளன. மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பெயர். இராசராசனின் மகன் இராசேந்திரனுக்கும் அதே பெயர் வழங்கியது. அண்ணனைக் கொல்வித்தவன் பெயரைத் தன் மகனுக்கு ஒருவன் சூட்டுவானா? உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவி, இராசராசன் ஆட்சியிலும் பெருமதிப்போடு வாழ்ந்து திருப்பணிகள் செய்தார். உத்தம சோழனின் மகன் கண்டராதித்தன், கோயில் நிருவாகங்களை ஆராயும் பொறுப்பை இராசராசனிடம் பெற்றிருந்தான். கொலைப்பழி சுமந்த குடும்பத்துக்கு இத்தகைய மதிப்பு கிடைத்திருத்தல் அரிது. ஆயினும் தண்டனை தாமதமான காரணம் இன்றும் விவாதத்திற்குரியதே. காலத் தாழ்வு ஐயத்திற்கு இடமளிக்கும், ஐயம் சான்றாகிவிடாது.

புதினம் படைத்த பழி

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. உடையார்குடிக் கல்வெட்டு கூறும் இரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் அதில் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக உருமாறினர். அரண்மனை அலுவலர்களாகக் கல் காட்டும் மனிதர்கள், காட்டுக்குள் சபதம் ஏற்கும் சதிகாரர்களானார்கள். அவர்களோடு நந்தினி என்னும் கற்பனைப் பாத்திரத்தைக் கல்கி படைத்தார். அவளைப் பழுவூர் இளையராணி ஆக்கியதன் வாயிலாகக் கொலைக்கதையைப் பழுவூரோடு பிணைத்தார்.

புதினத்தில் பெரிய பழுவேட்டரையர், போர்களில் விழுப்புண் பல பெற்ற முதுபெரும் வீரர், சோழநாட்டின் தனாதிகாரி. சின்னப் பழுவேட்டரையர் தஞ்சைக் கோட்டையின் தலைவர். மதுராந்தகனை அரசனாக்க முயலும் சிற்றரசர் கூட்டத்திற்குப் பெரியவர் தலைமை ஏற்கிறார். முதுமையில் மணந்த நந்தினியின் உள்ளக்கிடக்கையை அறியாமல் தம் செல்வாக்கை அவளுக்குத் துணையாக்குகிறார். கடம்பூர் மாளிகையில் ஆதித்தன் உயிரிழக்கும்போது, பழி முதலில் வந்தியத்தேவன் மேல் விழுகிறது. இறுதியில் அவையினர் முன் பெரிய பழுவேட்டரையர் அப்பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்கிறார்.

பெருமையின் உச்சியில் நின்ற ஒருவர், தாம் உயிரினும் மேலாகக் காத்த குலத்திற்கே கேடு சூழக் காரணமானதை உணர்ந்து வீழ்வதே அப்பாத்திரத்தின் அவலச்சுவை. கொலை செய்த கை எது என்பதை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடாமல், யார் யார் மனத்தில் குற்றவுணர்வு குடிகொண்டது என்பதைக் கல்கி விரித்துக் காட்டுகிறார். வரலாறு விட்ட இடைவெளியைப் புதினம் மனித மனங்களால் நிரப்புகிறது. அது இலக்கியத்தின் உரிமை.

பழுவூர் காட்டும் வரலாறு

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் வழியில் கீழப்பழுவூர் உள்ளது. அதன் அருகில் மேலப்பழுவூரும் கீழையூரும் அமைந்துள்ளன. 'பழு' என்பது ஆலமரத்தைக் குறிக்கும் சொல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கீழப்பழுவூர்க் கோயில் ஆலந்துறை என வழங்குவதும் இதனோடு ஒத்துள்ளது. கீழையூரில் பழுவேட்டரையர் எடுப்பித்த அவனிகந்தருவ ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயில், முற்சோழர் காலக் கட்டடக்கலையின் அரிய சான்றாகத் திகழ்கிறது.

இவ்வூர்க் கல்வெட்டுகளும் பிற சான்றுகளும் காட்டும் பழுவேட்டரையர் வேறானவர். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவர்களுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அவன் மகன் ஆதித்த கரிகாலன். அதாவது, கொல்லப்பட்ட இளவரசன் பழுவூர்ப் பெண்ணின் கொள்ளுப்பேரன். பாண்டியரும் ஈழவரும் பராந்தகனை எதிர்த்த வெள்ளூர்ப் போரில், பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழர் பக்கம் நின்று போரிட்டான்.

கொலைக்குப் பின்னர் நிகழ்ந்தவை இன்னும் தெளிவான சான்றுகள். குற்றவாளிகளின் உறவினர் வரை தண்டித்த இராசராசனின் ஆட்சியில் பழுவேட்டரையர் தம் தகுதி குன்றாது விளங்கினர். கண்டன் மறவன் என்னும் பழுவேட்டரையர் அக்காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறார். இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவி பழுவூரைச் சேர்ந்தவர். சிற்றன்னையாகிய அவருக்கு இராசேந்திரன் பழையாறைப் பகுதியில் பள்ளிப்படைக் கோயில் எடுத்துச் சிறப்பித்தான். அண்ணனின் கொலையில் தொடர்புடைய குடியாக இருந்திருப்பின், அக்குடிக்கு இராசராசன் இத்தகைய இடம் அளித்திருக்க மாட்டான்.

> தெரிந்து தெளிவோம்
> வரலாற்றுப் பாத்திரங்கள்: ஆதித்த கரிகாலன், குந்தவை, உத்தம சோழன், செம்பியன் மாதேவி, வந்தியத்தேவன், இரவிதாசன்.
> கற்பனைப் பாத்திரங்கள்: நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான்.
> வரலாற்றுப் பெயரில் புனையப்பட்ட பண்பு: பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர்.

இரண்டையும் படிக்கும் முறை

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டமும், அதிலிருந்து பின்னர் உருவான அரியலூர் மாவட்டமும் சோழர் வரலாற்றின் தடங்களைச் செறிவாகக் கொண்டவை. வாலிகண்டபுரம், பழுவூர், கங்கைகொண்ட சோழபுரம் ஆகியன அவற்றுள் சில. புதினத்தைப் படித்தும், அதனைத் தழுவி 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களைப் பார்த்தும் பழுவூருக்கு வருவோர் பலர், நந்தினியின் அரண்மனை எங்கே என்று தேடுவர். அவ்வரண்மனை புதினத்தின் பக்கங்களில் மட்டுமே உண்டு. அங்கு இருப்பவை, பழுவேட்டரையர் எடுத்த கோயில்களும் அவர்தம் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளுமே.

புதினம் பொய்யன்று, அது புனைவு. கல்வெட்டும் முழு உண்மையன்று. அது அரசின் கூற்று. உடையார்குடிக் கல்வெட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் மறுமொழி பொறிக்கப்படவில்லை. கொலை எங்கு நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, எதற்காக நிகழ்ந்தது என்பவற்றையும் அது கூறவில்லை. எனவே கல்வெட்டைப் படிக்கும்போது, சொன்னவர் யார், சொல்லாமல் விட்டது எது என வினவ வேண்டும். புதினத்தைப் படிக்கும்போது அதன் சுவையில் திளைக்கலாம். ஆனால் அதனைக் கொண்டு ஒரு குடியின் மேல் தீர்ப்பு எழுதிவிடலாகாது. பழி விரைந்து பரவும். பதிவு பொறுமையாகக் காத்திருக்கும். காத்திருக்கும் அப்பதிவைத் தேடிப் படிப்பதே வரலாற்று மாணவர்க்கு உரிய கடமையாகும்.

சொல்லும் பொருளும்

பெருங்குறிச் சபை – பிரமதேய ஊரின் ஆட்சியவை
தனாதிகாரி – கருவூலத் தலைவர்
ஆபத்துதவி – அரசனின் உயிர்காக்கும் மெய்க்காவலர்
பள்ளிப்படை – இறந்தோர் நினைவாக எடுக்கப்பெறும் கோயில்
கிளைவழி – உறவுமுறை

இலக்கணக் குறிப்பு

கல்லெழுத்து – ஏழாம் வேற்றுமைத்தொகை
கொலைப்பழி – இருபெயரொட்டுப் பண்புத்தொகை
காணும் விருப்பம் – பெயரெச்சத்தொடர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயிலில் உள்ள கல்வெட்டு எதனைப் பற்றியது என்பதை ஆசிரியர் துணையுடன் அறிந்து வகுப்பறையில் கூறுக.
2. 'பெரிய பழுவேட்டரையர் குற்றவாளியா?' என்னும் தலைப்பில், கல்வெட்டுச் சான்றுகளை ஓர் அணியும் புதினச் செய்திகளை மற்றோர் அணியும் முன்வைத்துச் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைக் கூறும் கல்வெட்டு அமைந்துள்ள இடம்
அ) கீழப்பழுவூர்  ஆ) உடையார்குடி  இ) திருவாலங்காடு  ஈ) பழையாறை

*குறுவினா*

2. பிரமாதிராசன் என்னும் பட்டம் எதனை உணர்த்துகிறது?
3. உடையார்குடிக் கல்வெட்டு வெட்டப்பட்டதன் முதன்மை நோக்கம் யாது?

*சிறுவினா*

4. உத்தம சோழன் மீதான ஐயத்தை மறுக்கும் சான்றுகளைத் தொகுத்து எழுதுக.

*நெடுவினா*

5. புதினம் காட்டும் பழுவேட்டரையரையும் கல்வெட்டு காட்டும் பழுவேட்டரையரையும் ஒப்பிட்டு, வரலாற்றுப் புதினத்தைப் படிக்கும் முறை குறித்து நும் கருத்தினை விவரிக்க.