தொழுகையில் கண் போகும் இடம்

கை தக்பீர் கட்டியபடி இருக்கிறது. நாவு பாத்திஹா ஓதுகிறது. கண் மட்டும் கொடியில் காயும் ஒரு சட்டையில் போய் விழுகிறது. சட்டையைக் கண்ட மனம் சலவைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியை நினைக்கிறது. பாக்கியிலிருந்து சம்பளத்துக்கும், சம்பளத்திலிருந்து மகளின் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. ஸலாம் கொடுக்கும்போதுதான் திரும்பி வருகிறது. நம்மில் எவருக்கும் இது புதிதல்ல.

ஆயினும் இதனைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. வெற்றி பெற்ற முஃமின்களைப் பற்றித் திருக்குர்ஆனின் 23-வது அத்தியாயம் பேசத் தொடங்கும்போது, அவர்களுடைய முதல் அடையாளமாகத் தொழுகையில் உள்ளச்சத்தோடு இருப்பதையே கூறுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கரைவேலைப்பாடுள்ள போர்வை ஒன்றை அணிந்து தொழுதார்கள். அதன் வேலைப்பாட்டின் மீது அவர்களின் பார்வை ஒரு முறை சென்றது. தொழுது முடித்ததும், அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடற்ற முரட்டுத் துணியை வாங்கிவரச் சொன்னார்கள். அந்தப் போர்வையை அன்பளிப்பாகத் தந்தவரே அவர்தாம். திருப்பி அனுப்பினால் அவர் மனம் நோகுமே என்றுதான் பதிலுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கிய சித்திரத் திரையையும், தொழும்போது கண்முன் வந்துகொண்டே இருக்கிறது என்று கூறி அகற்றச் சொன்னார்கள். இவ்விரண்டு செய்திகளும் புகாரி ஷரீபில் உள்ளன.

அபூதல்ஹா (ரலி) அவர்கள் தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருந்தார்கள். மரங்களினூடே ஒரு பறவை வெளியேற வழி தேடி அங்குமிங்கும் பறந்தது. அந்தக் காட்சி பிடித்துப்போய்ச் சற்று நேரம் கண் அதனையே தொடர்ந்தது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது மறந்துவிட்டது. அவர்கள் நபியவர்களிடம் சென்று நடந்ததைச் சொல்லி, அந்தத் தோட்டத்தையே தர்மமாகக் கொடுத்துவிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதைக் கூறுகிறது.

நம்மால் தோட்டத்தைக் கொடுக்க முடியாமல் போகலாம். தொழும் இடத்தையாவது மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? மனத்தோடு மல்லுக்கு நிற்பதைவிட, காட்சியை அகற்றுவது எளிது. நபியவர்கள் காட்டிய வழியும் அதுவே.

வீட்டில் வெறும் சுவரைப் பார்த்த ஒரு மூலையைத் தொழுகைக்கென ஒதுக்குவோம். காலண்டர், நிலைக்கண்ணாடி, குடும்பப் படம் எதுவும் கிப்லாப் பக்கம் வேண்டாம். பூவேலை நிறைந்த முஸல்லாவைவிட வெறும் பாய் மேல். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டுத் தக்பீர் கட்டுவோம். செல்போனை அடுத்த அறையில் வைப்போம். சோறு பரிமாறப்பட்டிருந்தால் முதலில் சாப்பிடும்படி நபியவர்களே கூறியிருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளும் மிஹ்ராபின் பக்கம் விளம்பரப் பலகைகளை மாட்டாதிருந்தால் புண்ணியமாகும். தொழுகையில் நிற்கும்போது பார்வை ஸுஜூது செய்யும் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நினைவு சிதறினால் சோர்ந்துவிட வேண்டாம். எண்ணம் வந்ததனால் மட்டும் தொழுகை முறிந்துவிடாது. நபியவர்களும் அந்தப் போர்வையோடு தொழுகையைப் பூர்த்தி செய்த பிறகே அதைக் களைந்தார்கள். வந்த எண்ணத்தின் பின்னால் போகாமல், ஓதும் வசனத்துக்குத் திரும்புவதே நம் வேலை.

வல்ல அல்லாஹ் நம் கண்ணையும் கல்பையும் தன்பால் திருப்பி அருள்வானாக! ஆமீன்.