பழைய விமான எஞ்சினில் பழுதுற்ற மரையைச் சீர்செய்தல் – ஓர் இயற்பியல் நோக்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

"அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது நம் விடுதியில் அன்றாட வழக்கு. ஆனால் மரை என்றால் என்ன, அது எப்படிக் கெடுகிறது, கெட்டதை மீண்டும் சீராக்க முடியுமா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ஒரு சின்னஞ்சிறு மரையை நம்பி இருவர் ஆகாயத்தில் பறக்கிறார்கள் என்றால் அதனைப் பற்றிச் சற்றே சிந்திப்பது நமக்குக் கடமையாகிறது. அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

எஞ்சின் அறிமுகம்

பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1958 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த 'புஷ்பக்' என்னும் இருவர் அமரும் சிறு விமானத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். நம் நாட்டின் பறக்கும் கழகங்களில் பலர் விமானம் ஓட்டப் பயின்றது அதில்தான். அதற்கு இருந்தது ஒரே ஓர் எஞ்சின். அமெரிக்காவின் காண்டினென்டல் நிறுவனத்துச் சி-90 வகை. 90 குதிரைத்திறன் உடையது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்திற்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். தண்ணீர் கிடையாது, காற்றே அதனைக் குளிர்விக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். ஆக மொத்தம் எட்டு.

சென்ற கோடை விடுமுறையில், விமானப் பராமரிப்புக் கற்றுத் தரும் ஒரு பயிற்சி நிலையத்தில், பாடத்திற்காக இரும்புச் சட்டத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இத்தகைய பழைய எஞ்சின் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்தச் சட்டத்தைச் செய்து கொடுத்தவர் என் தந்தையார். அவர் கோவைப் பக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததும் பேசியதுமே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

மரையின் தத்துவம்

பாடநூல்கள் 'புரி' என்று குறிப்பிடுவதையே பட்டறையில் 'மரை' என்கிறார்கள். மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளமே ஆகும். ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டிப் பென்சிலின் மேல் சுற்றிப் பாருங்கள்; அதன் சாய்ந்த விளிம்பு மரையாகத் தோன்றும்.

விமான ஸ்பார்க் பிளக்கின் மரை 18 மில்லிமீட்டர் விட்டமுடையது. ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மில்லிமீட்டர் உள்ளே செல்லும். அதாவது ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் நடந்து ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் ஏறுகிற சாய்தளம். சாய்வுக் கோணம் ஒன்றரை டிகிரி அளவே. உலோகத்தோடு உலோகம் உரசும்போது உராய்வுக் கோணம் எட்டு டிகிரிக்குக் குறையாது என்று வைத்துக் கொள்ளலாம். சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாயின் பொருள் தானாகச் சறுக்காது என்று முதலாண்டில் படித்தோமல்லவா? முடுக்கிய பிளக் தானாகக் கழன்று வராததன் காரணம் அதுவே.

மரையைக் கெடுப்பது எது?

எஞ்சினுக்குள் நிகழும் வெடிப்பே மரையைப் பிய்த்தெறிகிறது என்றுதான் நான் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டபோது வேறு உண்மை புலப்பட்டது.

வெடிப்பின் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் என்று கொள்வோம். 18 மி.மீ. துளையின் பரப்பு ஏறத்தாழ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர். எனவே பிளக்கை வெளியே தள்ளும் விசை சுமார் 100 கிலோகிராம். எஞ்சின் நிமிடத்திற்கு 2,475 சுற்றுச் சுழலும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாக, ஒரு சிலிண்டரில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,240 வெடிப்புகள். ஒரு மணி நேரப் பறத்தலில் எழுபத்து நாலாயிரம் முறை அந்த அடி விழுகிறது.

இனி, நம் கை தரும் விசையைக் காண்போம். காண்டினென்டல் எஞ்சின்களின் 18 மி.மீ. பிளக்கை முடுக்க வேண்டிய முறுக்கு விசை 300 முதல் 360 அங்குல-பவுண்டு. 300 என்பது ஓரடி நீளக் கைப்பிடியின் நுனியில் 25 பவுண்டு எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். முறுக்கு விசையைத் திருகின் விட்டத்தாலும், உராய்வைக் குறிக்கும் 0.2 என்ற எண்ணாலும் வகுத்தால் இறுக்கும் விசை கிடைக்கும். விடை ஏறத்தாழ 960 கிலோகிராம்! வெடிப்பைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். மரையில் தாராளமாக எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அந்த எண் 0.15 ஆகிறது, அதே முறுக்கில் இறுக்கம் 1,280 கிலோகிராமாக ஏறிவிடுகிறது. அளவு காட்டும் டார்க் ரெஞ்சு இன்றி, கை உணர்வை மட்டும் நம்பி, நீண்ட ஸ்பானரால் முடுக்கினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சுமையும் எல்லா மரைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பிளக்கின் மரைப் பகுதி அரை அங்குல நீளமாயின் அதில் எட்டுச் சுற்று மரைகள் இருக்கும். ஆனால் முதலில் சுமை ஏற்கும் மரை மட்டுமே மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஆகவே முதல் மரை சிதைந்தால் சுமை அடுத்ததன் தலையில் விழுகிறது. பிறகு அதற்கடுத்ததன் தலையில். மரை ஒரேயடியாக வழுக்கிவிடுவதன் காரணம் இதுவே.

இவற்றோடு வேறு காரணங்களும் உண்டு. பிளக்கைக் கோணலாக நுழைத்து, மரையோடு மரை சேராமல் குறுக்கே ஏற்றிவிடுவது ஒன்று. மரை நுனியில் படிந்த கரியோடு பிளக்கைத் திருகிக் கழற்றும்போது அக்கரி அரம் போல அலுமினியத்தைத் தேய்ப்பது மற்றொன்று. எஞ்சின் ஆறுவதற்குள் கழற்றுவது மூன்றாவது. சூடான அலுமினியம் வலிமை குன்றியது. ஆகவே கெட்டுப்போன மரைகளில் பெரும்பாலானவை வானத்தில் கெட்டவை அல்ல. தரையில், மனிதக் கையால் கெட்டவை எனலாம்.

கம்பிச் சுருள் வைத்தியம்

சிலிண்டர் தலை அலுமினியக் கலவையால் ஆனது. பிளக் எஃகினால் ஆனது. மென்மையானதும் கடினமானதும் அடிக்கடி உரசினால் மென்மையானதே தேயும். ஆதலால் சில பழைய சிலிண்டர்களில் வெண்கலப் புஷ் பதித்திருந்தார்கள். பிற்காலத்தில் 'ஹெலிகாயில்' எனப்படும் கம்பிச் சுருள் அந்த இடத்தைப் பிடித்தது.

இச்சுருள், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆனது. கம்பியை வெட்டிப் பார்த்தால் வைர வடிவம் தெரியும். சுருட்டியபின் அதன் வெளி விளிம்பு அலுமினியத் துளையின் மரையில் பொருந்தும்; உள் விளிம்பு பிளக்குக்கு மரையாக அமையும்.

பழுது பார்க்கும் முறை வருமாறு. முதலில் துளையைத் தூய்மை செய்து, சிவப்புச் சாயம் ஊற்றித் துடைத்து, வெள்ளைத் தூள் தூவி, வெடிப்பு உண்டா என்று சோதிக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து வால்வு இருக்கையை நோக்கி மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். அந்தச் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். வெடிப்பில்லையேல், கூர் விளிம்புள்ள கருவியை உள்ளே தட்டிப் பதித்து, இடப்புறம் திருகிப் பழைய சுருளை வெளியேற்றுவார்கள். அதன் பின்னால் உள்ள அலுமினிய மரை நன்றாக இருந்தால் புதுச் சுருளை அப்படியே ஏற்றலாம். அதுவும் கெட்டிருந்தால் சற்றுப் பெரிய டேப் போட்டு, அதற்கேற்ற பருத்த சுருளை ஏற்ற வேண்டும். டேப் போடும்போது உதிரும் அலுமினியத் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கலாகாது. சிலிண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

சுருளின் இயல்பான விட்டம் துளையைவிடச் சற்றுப் பெரியது. கருவியில் மாட்டித் திருகும்போது அது இறுகிச் சிறுக்கிறது. விட்டவுடன் விரிந்து துளைச் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பசையோ பற்றவைப்போ தேவையில்லை. நாம் ஆய்வுக்கூடத்தில் எடை தொங்கவிட்டு நீட்சி அளக்கும் சுருள்வில்லின் மீள்தன்மைதான் இங்கே வேலை செய்கிறது. சுருளின் நுனி வெடிப்பு அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் அது பழுக்கக் காய்ந்து, பொறி விழும் முன்னரே எரிபொருளைப் பற்ற வைத்துவிடும்.

தந்தையாரின் கேள்வி

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், சுருளை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பேனாவுக்குள்ள இருக்கற ஸ்பிரிங்காட்டம் இருக்குது. இது போய் அத்தனை பாரத்தை எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். மோட்டார் பம்பிலும் மொபெட்டிலும் மரை போனால் பித்தளைப் புஷ் கடைந்து பதிப்பவர் அவர். கனமானதே வலிமையானது என்பது அவர் அனுபவம்.

அன்றிரவு கணக்கிட்டு அவருக்கு விடை சொன்னேன். சுருளுக்காகப் போடும் துளையின் விட்டம் 18-க்குப் பதிலாக ஏறத்தாழ 20 மி.மீ. ஆகிறது. ஆகவே அதே ஆழத்தில், சுமையைத் தாங்கும் அலுமினியத்தின் பரப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடுகிறது. மேலும் சுருள் வளைந்து கொடுக்கும். அதனால் முதல் மரை மட்டும் சுமக்காமல் மற்ற மரைகளும் பங்கேற்கின்றன. கழற்றி மாட்டும் தேய்மானமும் இனி அலுமினியத்திற்கு இல்லை. எனவே முறையாகச் சீர்செய்த மரை, அலுமினியத்தில் நேரே வெட்டிய மரையைவிட வலிமையானது. "அப்படின்னா அது பாரத்தைத் தாங்கறதில்லை, பங்கு போட்டுக் குடுக்குது" என்றார் தந்தையார். மூன்று பக்கக் கணக்கை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எல்லா மரைக்கும் ஒரே மருந்தன்று

சிலிண்டரை எஞ்சின் உடலோடு பிணைக்கும் ஸ்டட்டுகள் தளர்ந்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் 3, 7, 12 பங்கு பருத்த ஸ்டட்டுகளை உற்பத்தியாளரே தருகிறார். எது எந்த அளவு என்று அடையாளக் குறியும் இட்டிருப்பார். போல்ட்டின் மரை கெட்டாலோ, டை விட்டுத் திருத்துவது விமானத் துறையில் ஏற்கப்படுவதில்லை. அம்மரை வெட்டி எடுக்கப்பட்டதன்று. அழுத்தி உருட்டி உருவாக்கப்பட்டது. உருட்டும்போது உலோகத்தின் இழை மரையின் வளைவோடு ஓடுகிறது. டை அந்த இழையை அறுத்துவிடும். எனவே புது போல்ட்தான் போட வேண்டும்.

ஒரு பிளக் போனால் இன்னொன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பொறி மட்டும் நின்றால் இரண்டாவது பிளக் காப்பாற்றும். ஆனால் மரை வழுக்கிப் பிளக் வெளியே தெறித்தால், அத்துளை வழியே அழுத்தம் முழுவதும் போய்விடும். பிறகு அந்தச் சிலிண்டரில் எத்தனை பொறி விழுந்தும் பயனில்லை. போதாக்குறைக்குத் தீச்சுவாலையும் துளை வழியே வெளிவரும். பம்பு செட் நின்றால் மறுநாள் தண்ணீர் பாய்ச்சலாம். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

இதனாலேயே விமானத் துறையில் பழுது பார்த்தவர் சொல் மட்டும் போதாது. உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள முறைப்படியே செய்ய வேண்டும். எந்தச் சிலிண்டர், எந்தத் துளை, எந்த அளவுச் சுருள் என்று எஞ்சின் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். பத்தாண்டு கழித்து அந்த எஞ்சினைத் திறப்பவர் முன்பின் அறியாத ஒருவராக இருக்கலாம். அவருக்கு வழிகாட்டுவது அந்த ஒரு வரிதான்.

முடிவுரை

என் தந்தையாரின் கைகள் முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மரைகளை வெட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைப் பற்றியும் எங்கும் எழுதப்படவில்லை. எது எத்தனை நாள் தாங்கியது என்று எவருக்கும் தெரியாது. அந்தத் திறமை குறைந்ததன்று. அளவும் பதிவும் அதனோடு சேரவில்லை, அவ்வளவே. நானோ அளவும் பதிவும் கற்றவன். என் கை இன்னும் ஒரு டேப்பை நேராக இறக்கப் பழகவில்லை. வரும் விடுமுறையில் அவரிடம் அதைக் கற்பதாகவும், பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கி, சீர்செய்யும் ஒவ்வொரு மரையின் விட்டம், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதி வைப்பதாகவும் முடிவு செய்திருக்கிறேன். பட்டறைப் பின்னணியிலிருந்து வந்து இங்கே பயிலும் நண்பர்கள் தங்கள் வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம். பேராசிரியர்கள் அக்கணக்குகளைச் சரிபார்த்துத் தந்தால் எங்கள் பெற்றோரின் கைத்தொழிலும் ஒரு பாடமாகும்.