கினோவாவும் அதன் பங்காளியும்

கேள்வி: ஐயா, அரை ஏக்கரில் கினோவாவைக் கையால் தூவி விதைத்தேன். மூன்று வாரம் ஆகிறது. எது பயிர், எது களை என்றே தெரியவில்லை. களையெடுக்க வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். மருந்துக் கடையில் 2,4-டி அடிக்கச் சொல்கிறார்கள். கசப்பான பயிர், களை அண்டாது என்று விதை கொடுத்தவர் சொன்னாரே?
– வாசகர், ஓசூர்

பதில்: முதல் வேலையாக அந்த மருந்தை மறந்துவிடுங்கள். 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்வது; கினோவாவும் அகன்ற இலைச் செடிதான். உங்களைக் குழப்புவது பெரும்பாலும் சக்கரவர்த்திக் கீரையாக இருக்கும். வடக்கே பத்துவா என்பார்கள், கோதுமை வயலில் பேர்போன களை. அதுவும் கினோவாவும் கீனோபோடியம் என்ற ஒரே பேரினம். இளசில் இரண்டுக்கும் ஒரே மாதிரி இலை, அதன்மேல் ஒரே மாதிரி வெள்ளைப் பொடி. இவ்வளவு நெருங்கிய பங்காளிகளில் ஒருவனை மட்டும் பார்த்துக் கொல்லும் மருந்துக்கு எங்கே போவது? புல்லை மட்டும் கொல்பவை உண்டு; உங்கள் சிக்கல் புல் இல்லையே.

கசப்புக்குக் காரணம் விதைத்தோலில் உள்ள சப்போனின். பறவைகள் கொத்தாமல் இருக்க அது உதவும். களைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கினோவா சீக்கிரம் முளைக்கும், பிறகு சோம்பிவிடும். ஆயிரம் விதையின் எடையே 2 முதல் 4 கிராம்தான். அந்தச் சின்ன விதைக்குள் இருக்கும் சத்தை வைத்து எவ்வளவு தூரம் ஓட முடியும்? முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் களை முந்திவிட்டால் விளைச்சல் போயிற்று. அதைத் தாண்டி இலை மூடிவிட்டால் நிழலிலேயே களையை அடக்கிவிடும்.

கினோவா விளையும் பொலிவியாவைப் பாருங்கள். அங்கே உயுனி உப்புவெளியைச் சுற்றி, 3,600 மீட்டருக்கு மேல், மழையும் குறைவு, இரவில் உறைபனி. களைக்கே அங்கே பிழைப்பது கஷ்டம். விவசாயிகள் தள்ளித் தள்ளிக் குழி பறித்து, குழிக்குச் சில விதைகளாக ஊன்றுகிறார்கள். அங்கேயும் பங்காளித் தொல்லை தீரவில்லை. ஆண்டிஸ் வயல்களில் அஹாரா என்ற கறுப்பு விதைக் காட்டுக் கினோவா தானே முளைத்து, பயிரோடு மகரந்தமும் கலந்துகொள்கிறது. டென்மார்க்கில் மருந்தில்லாமல் சாகுபடி செய்து பார்த்தவர்களும் வரிசைகளை அகலமாக விட்டு நடுவே கொத்தும் வழிக்குத்தான் வந்தார்கள்.

தூவி விதைத்ததுதான் உங்கள் வயலில் கோளாறு. வரிசை இருந்தால் நடுவில் நிற்பது எதுவானாலும் களை. இலையைப் பார்த்து அடையாளம் காணவே வேண்டாம். இப்போதும் கெட்டுவிடவில்லை. கயிறு பிடித்து ஒரு சாண் அகலப் பட்டையை விடுங்கள், அடுத்த ஒன்றரைச் சாணைக் கொத்திவிடுங்கள். பயிரும் கொஞ்சம் போகும், போகட்டும். தூவிய வயலில் எப்படியும் கலைக்க வேண்டியிருக்கும். விட்ட பட்டைக்குள் கையால்தான் எடுக்க வேண்டும். வெட்டியதில் இளசாக இருப்பதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். சக்கரவர்த்திக் கீரையும் நல்ல கீரை, கினோவா இலையும் சாப்பிடத் தக்கதே. மருந்து அடித்திருந்தால் இந்த யோகமும் கிடைத்திருக்காது.

கதிர் வந்ததும் வேறுபாடு தெரியும். கினோவாவுக்குக் கனத்த பெரிய கதிர். பங்காளிக்கு மெலிந்த சிறு கொத்துகள். அப்போது இன்னொரு முறை நடந்து பார்த்துப் பிடுங்குங்கள். ஒரு களைச்செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அவை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்.

அடுத்த முறை நிலத்தைத் தயார்செய்ததும் விதைக்காதீர்கள். ஒரு தண்ணீர் விட்டு, களையை முளைக்கவிட்டு, மேலாகச் சுரண்டி அழியுங்கள். ஆழ உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து, வெளிச்சம் பட்டு முளைக்கும். அதன்பிறகு 45 செ.மீ. இடைவெளியில் கோடு கிழித்து, 1 முதல் 2 செ.மீ. ஆழத்துக்குள் விதையுங்கள், சைக்கிள் களைவெட்டி தாராளமாக ஓடும். முந்தைய பயிரான மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்த நிலமென்றால் அங்கே கினோவா வேண்டாம்.

இந்த அறுவடையில் சக்கரவர்த்திக் கீரையின் கறுப்பு விதை கலந்திருக்கும். பொடி விதை சல்லடையில் ஓரளவு போய்விடும், முழுக்கப் போகாது. இதிலிருந்து விதைக்கு எடுத்துவைக்காமல் புது விதை வாங்கிக்கொள்ளுங்கள்.